ஸ்டாக் சஸ்பென்ஷனுக்கு எந்த டயர்?

நடுத்தர பிக்-அப் வாங்கியவர் வண்டியில் முதலில் மாற்றுவது பெரும்பாலும் டயரைத்தான். கம்பெனி போட்டு அனுப்பும் டயர் மட்கார்டுக்குள் சிறுத்துத் தெரிகிறது. மேலே ஒரு கை தாராளமாக நுழையும் இடைவெளி. அதைப் பார்த்ததும் இன்னும் பெரியது போகுமே என்று தோன்றிவிடுகிறது. போகும்தான். எவ்வளவு போகும், போன பிறகு என்ன ஆகும் என்பதில்தான் ஓயாத சண்டை. லிஃப்ட் கிட் வாங்கி வண்டியைத் தூக்கிக்கொள்ளத் தயாராக இருப்பவர்களை இங்கே விட்டுவிடுவோம். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கம்பெனியில் வந்தபடியே, அதாவது ‘ஸ்டாக்’காகவே இருக்க, டயரை மட்டும் மாற்ற நினைப்பவர் எந்த அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே கேள்வி.

இதை ஆராய அமெரிக்காவின் டொயோட்டா டகோமாவைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. அதுவும் 2016 முதல் 2023 வரை விற்ற மூன்றாம் தலைமுறை. டயர் அளவைப் பற்றி இவ்வளவு வாதாடப்பட்ட பிக்-அப் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உயரத்தில் ஒரு படி ஏறலாம், அகலத்தைத் தொட வேண்டாம், ரிம்மை மாற்றவே வேண்டாம், எடை என்னவென்று கேட்காமல் காசைக் கொடுக்க வேண்டாம். அளவைவிட எடைதான் பலரை ஏமாற்றுகிறது.

டகோமாவில் ரகத்துக்கு ஒரு டயர் வரும். ஆஃப்-ரோடு ரகத்தில் 265/70 ஆர்16. ஸ்போர்ட் ரகத்தில் 265/65 ஆர்17. லிமிடெட் ரகத்தில் 265/60 ஆர்18. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் மூன்றின் மொத்த உயரமும் 775-லிருந்து 777 மி.மீ.க்குள் அடங்கிவிடும், அதாவது ஏறக்குறைய முப்பதரை அங்குலம். ரிம் பெரிதானாலும் டயர் பெரிதாகவில்லை. ரப்பர் குறைந்து உலோகம் கூடியிருக்கிறது, அவ்வளவே. பதினெட்டு அங்குல ரிம்மைப் பார்த்து ‘பெரிய டயர்’ என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கல்லும் குழியுமான பாதையில் காப்பாற்றுவது பக்கச்சுவர். அந்த வகையில் பதினாறு அங்குல ரிம்காரர்தான் கொடுத்துவைத்தவர்.

ஒரு படி மேலே என்றால் பதினாறு அங்குல ரிம்முக்கு 265/75 ஆர்16, பதினேழுக்கு 265/70 ஆர்17. இரண்டும் சுமார் 803 மி.மீ., 31.6 அங்குலம். வண்டிக்காரர்கள் இதை ‘முப்பத்திரண்டு’ என்று சொல்லிக்கொள்வார்கள். அதற்கு மேல் 285/75 ஆர்16, 285/70 ஆர்17 என்ற அகலமான ஜோடி. இவை 831 முதல் 834 மி.மீ. வரை. பேச்சுவழக்கில் ‘முப்பத்துமூன்று’. இந்த இரண்டு படிகளுக்கு நடுவில்தான் சண்டை முழுவதும் நடக்கிறது.

மட்கார்டுக்கு மேலே தெரியும் இடைவெளியை வைத்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. நின்றிருக்கும் வண்டியில் சக்கரம் நேராக இருக்கிறது, ஸ்பிரிங் பாதிதான் அமுங்கியிருக்கிறது. ஓடும்போது சக்கரம் மேலே ஏறும், இடமும் வலமும் திரும்பும், சில சமயம் இரண்டையும் ஒன்றாகச் செய்யும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபடி பள்ளத்தில் இறங்கும் நேரத்தில்தான் டயர் எங்கெங்கே போகும் என்பது தெரியும். டகோமாவில் அது மோதக்கூடிய இடங்கள் தெரிந்தவைதான். முதலில் உரசுவது முன்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மட்ஃப்ளாப்பும், மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையும். இவை வளையும், வெட்டலாம், சூடுகாட்டிப் பின்னுக்குத் தள்ளலாம். அதற்கும் பின்னால் இருப்பது கேபினைச் சேஸிஸோடு இணைக்கும் இரும்புத் தாங்கி. அது வளையாது. உள்பக்கம் சஸ்பென்ஷனின் மேல்கை. டயர் அகலமானால் அதை நெருங்கும்.

இப்போது கணக்கைப் பொருத்திப் பாருங்கள். 265/65 ஆர்17-லிருந்து 265/70 ஆர்17-க்குப் போனால் டயர் எல்லாத் திசையிலும் 13 மி.மீ. வளர்கிறது. முன்னும் பின்னும் மேலும் அவ்வளவே. அகலம் மாறவில்லை என்பதால் மேல்கைக்கு இருந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் இது எதையும் தொடாது; தோள்பட்டையில் முரட்டுக் கட்டைகள் உள்ள சில டயர்கள் மட்டும் ரிவர்ஸில் முழுக்க ஒடிக்கும்போது பிளாஸ்டிக்கை லேசாகத் தேய்க்கலாம். 285/70 ஆர்17 போட்டாலோ சுற்றிலும் 27 மி.மீ. வளர்ச்சி, அதோடு பக்கத்துக்கு 10 மி.மீ. அகலம். மட்ஃப்ளாப் போய்விடும், உறையை வெட்ட வேண்டியிருக்கும், பல வண்டிகளில் அந்த இரும்புத் தாங்கியையே டயர் தொடும். அதன் மூலையை அறுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்வது அமெரிக்காவில் ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. டயர் மட்டும் மாற்றுகிறேன் என்று கிளம்பியவர் கடைசியில் கேபின் நிற்கும் இடத்தில் கிரைண்டரை வைக்கிறார்.

‘அப்படியானால் இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் போகிறது’ என்று பதில் வரும். இது பாதிதான் உண்மை. லிஃப்ட் என்பது வண்டி நிற்கும் உயரத்தை மாற்றுகிறது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது சக்கரம் போய்ச் சேரும் இடத்தை அது மாற்றுவதில்லை. சமதளத்தில் உரசாத டயர், காட்டாற்றில் ஒரு பக்கம் அமுங்கும்போது பழையபடியே உரசும். அதனால் சஸ்பென்ஷனைத் தொடாதவர் எதையோ இழந்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை. உரசலுக்கு உண்மையில் உதவுவது அலைன்மென்ட் கடைக்காரர்தான். கீழ்க்கையின் கேம் போல்ட்டைத் திருப்பிச் சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால் பின்பக்கத் தாங்கியிலிருந்து அவ்வளவு இடம் கிடைக்கும். காஸ்டர் கோணத்தைக் கூட்டுவது என்று அவர்கள் சொல்வது இதைத்தான். நெடுஞ்சாலையில் வண்டி நேராக ஓடவும் அது நல்லது.

ரிம் விஷயத்துக்கு வருகிறேன். டகோமாவின் பெரும்பாலான ஸ்டாக் ரிம்களின் ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது அச்சில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், +30 மி.மீ. சக்கரம் வெளியே துருத்தி நின்றால் கம்பீரம் என்று 0 ஆஃப்செட்டில் ரிம் வாங்குவோர் ஏராளம். டயர் 30 மி.மீ. வெளியே போகிறது, ஸ்டியரிங் திரும்பும் அச்சிலிருந்து விலகிவிடுவதால், திரும்பும்போது இன்னும் பெரிய வட்டம் போடுகிறது. ஸ்டாக் ரிம்மில் உரசாமல் ஓடிய அதே 265/70 ஆர்17, புது ரிம்மில் தாங்கியை இடிப்பது இதனால்தான். பழி டயர் மேல் விழுகிறது. வீல் பேரிங்குக்கு நெம்பும் விசையும் கூடுகிறது, குழியில் விழும்போது ஸ்டியரிங் கையைப் பிடுங்குகிறது. அழகுக்காகத்தான் என்றால் வேறு பேச்சு. உபயோகம் என்ற பெயரில் இதை நியாயப்படுத்த முடியாது.

அகலம் எதற்கு என்ற கேள்வியை இந்தச் சண்டையில் யாரும் நிதானமாகக் கேட்பதில்லை. டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெருமளவு தீர்மானிப்பவை அதன் மேல் உள்ள சுமையும் உள்ளே உள்ள காற்றழுத்தமும்தான். அகலமான டயரில் அந்தப் பரப்பு குட்டையாகவும் அகலமாகவும் விழும். ஒடுக்கமான டயரில் நீளமாக விழும். மணலில் காற்றைக் குறைக்கும்போது பிடிப்பு கூடுவது முக்கியமாக அந்த நீளம் வளர்வதால். தண்ணீர் தேங்கிய சாலையில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும். இதையெல்லாம் வைத்து 235/85 ஆர்16, 255/80 ஆர்17 போன்ற ஒடுக்கமான, உயரமான டயர்களைப் போற்றும் கூட்டம் ஒன்று உண்டு; பீட்ஸா வெட்டும் சக்கரம் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தின் மேல் சாய்வு உண்டு என்பதை மறைக்கவில்லை. 235/85 ஆர்16-ன் உயரம் 806 மி.மீ., ஸ்டாக்கைவிட 30 மி.மீ. ஒடுக்கம், உரசல் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இந்த அளவுகள் பெரும்பாலும் பாரம் ஏற்றும் கனமான கட்டமைப்பில்தான் வருகின்றன, எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. நட்ட நடுவழியில் ஒரு டயர் கிழிந்தால் அந்த ஊரில் மாற்று கிடைக்குமா என்பதும் அளவைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பகுதிதான்.

தயாரிப்பாளர்களே இப்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்பது சுவாரஸ்யமானது. நிசான் தன் பழைய ஃபிரான்டியரின் ப்ரோ-4எக்ஸ் ரகத்தில் 265/75 ஆர்16 கொடுத்து வந்தது. ஃபோர்டு 2021-ல் ரேஞ்சர் ட்ரெமரில் 265/70 ஆர்17 கொடுத்தது. 2024-ல் வந்த நான்காம் தலைமுறை டகோமாவின் ஆஃப்-ரோடு ரகத்தில் டொயோட்டாவும் அதே 265/70 ஆர்17-க்கு வந்தது. வண்டிக்காரர்கள் தாமாகப் போட்டுக்கொண்டிருந்த அளவை கம்பெனியே ஏற்றுக்கொண்டதுபோல் ஆயிற்று. அதைவிட முக்கியம் அதே டகோமாவின் ட்ரெயில்ஹண்டர் ரகம். முப்பத்துமூன்று அங்குலம் என்ற பெயர் வேண்டியிருந்தபோது டொயோட்டா எடுத்தது 265/70 ஆர்18-ஐ. உயரத்தைக் கூட்டிய பொறியாளர்கள் அகலத்தை 265-லேயே நிறுத்தினார்கள். ஜீப் கிளாடியேட்டர் ரூபிகானிலும் 2023-ன் செவர்லே கொலராடோ இசட்ஆர்2-விலும் 285/70 ஆர்17 வருகிறதே என்று கேட்கலாம். அந்த வண்டிகளின் மட்கார்டும் சஸ்பென்ஷனும் அந்த டயருக்காகவே வரையப்பட்டவை. நம்முடையது அப்படி இல்லை.

இனி எடை. ஒரே அளவில் இரண்டு குலத்து டயர்கள் விற்கின்றன. ஒன்று பயணிகள் வண்டிக் கட்டமைப்பு, எஸ்எல் என்று போட்டிருக்கும். மற்றது எல்டி, இலகு லாரிக் கட்டமைப்பு. அதில் சி, ஈ என்று பார வகைகள். எல்டி ஈ என்றால் பழைய கணக்கில் பத்துப் பிளை. கடைக்காரர் இதைத்தான் முன்னால் தள்ளுவார். வாங்குபவருக்கும் ‘பத்துப் பிளை’ என்றால் ஒரு மயக்கம். 265/75 ஆர்16 எல்டி ஈ டயர் ஒன்று 1,550 கிலோ தாங்கும். நான்கு டயர்களுக்கு 6,200 கிலோ. முழுப் பாரத்தோடு டகோமா எடை ஏறக்குறைய 2,500 கிலோதான். தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேலான இந்தத் தாங்குதிறனுக்கு விலை, டயருக்கு நான்கைந்து கிலோ கூடுதல் எடை. அது சுழலும் எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. ஸ்டாக் ஷாக் அப்சார்பர் அதை அடக்கத் திணறுகிறது, சிறு குழிகள்கூட இடுப்பில் தெரிகின்றன, பிரேக் பிடிக்கும்போது நிறுத்த வேண்டிய சுழற்சி கூடுகிறது. அந்தத் தலைமுறை டகோமாவின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் காற்றழுத்தம். எல்டி டயர் அதே பாரத்தைச் சுமக்கக் கூடுதல் அழுத்தம் கேட்கும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் 30 பி.எஸ்.ஐ. ஸ்டாக் டயருக்குச் சொன்னது; எல்டிக்கு அதே அளவில் நிறுத்தினால் பாரம் ஏற்றிய நாளில் பக்கச்சுவர் வளைந்து சூடேறும். அமெரிக்க விதிப்படி காற்று குறைவதை எச்சரிக்கும் விளக்கு, கம்பெனி சொன்ன அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் எரிய வேண்டும். முப்பதில் கால்பாகம் போனால் 22.5. முப்பத்தெட்டு வேண்டிய டயர் இருபத்தைந்துக்கு இறங்கியும் அந்த விளக்கு பேசாமல் இருக்கும்.

அந்த விளக்கு எப்படி வந்தது என்பதை நினைவுபடுத்துவது இங்கே பொருந்தும். 1990-களின் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், ரேஞ்சர் பிக்-அப்பின் அடித்தளத்தில் உருவான வண்டி. அதன் 235/75 ஆர்15 ஃபயர்ஸ்டோன் டயர்களுக்கு ஃபோர்டு சொன்ன அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. வெப்பமான மாநிலங்களில், வேகத்தில், டயரின் மேற்பட்டை உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் 270-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசு கணக்கிட்டது. டயரின் தயாரிப்புக் குறையா, வண்டியின் கவிழும் தன்மையா, குறைந்த காற்றா என்று இரு நிறுவனங்களும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டி, நூறாண்டுக்கு நெருங்கிய உறவை முறித்துக்கொண்டன. அதே ஆண்டு வந்த சட்டத்தின் விளைவாகத்தான் 2007 செப்டம்பர் முதல் தயாரான இலகு வண்டிகள் எல்லாவற்றிலும் காற்று எச்சரிக்கை கட்டாயமாயிற்று. அளவு, அழுத்தம், பாரம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி கிடையாது. உயரமான வண்டி கவிழ்வது பழங்கதையும் இல்லை. ஸ்வீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் பத்திரிகை 2016-ல் நடத்திய திடீர் விலகல் சோதனையில் அன்றைய புதிய டொயோட்டா ஹைலக்ஸ் இரண்டு சக்கரத்தில் எழும்பி நின்றது. பெரிய டயர் வண்டியின் புவியீர்ப்பு மையத்தை மேலே தூக்குகிறது, கீழே இறக்குவதில்லை.

கியர் விஷயம் சுருக்கம். ஆட்டோமேட்டிக் வி6 டகோமாவின் பின் அச்சு விகிதம் 3.91. ஒரு படி உயர்ந்த டயரில் அது நடைமுறையில் 3.78 ஆகிறது, 285/70 ஆர்17-ல் 3.65. அந்த எஞ்சினும் ஆறு கியர் பெட்டியும் ஸ்டாக் டயரிலேயே சிறு ஏற்றத்தில் கியரை மாற்றி மாற்றித் தேடும் என்ற புகார் உண்டு. டயர் பெரிதானால் அந்தத் தேடல் கூடும். மைலேஜ் குறையும் என்பது உண்மை; ஆனால் எல்லோரும் சொல்லும் அளவுக்கு இல்லை. ஓடோமீட்டர் 3.3 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது என்பதை மறந்து, அதே மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு எண்ணெய் குடிக்கிறது என்று புலம்புவோர் நிறைய. ஸ்பீடோமீட்டரும் அப்படியே: நூறு காட்டும்போது உண்மையில் 103.4 ஓடும். கம்பெனி மீட்டர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டுவதால் இந்தப் படியில் பெரிய தவறு தெரியாது. 285-ல் 107 ஆகும்போது அபராதச் சீட்டு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஆஸ்திரேலியாவில் நான்கு சக்கர இயக்கமுள்ள இத்தகைய வண்டிகளுக்கு, கம்பெனி அனுமதித்த மிகப்பெரிய டயரைவிட 50 மி.மீ. உயரம் வரை என்பது தேசிய வழிகாட்டு வரம்பு. 265/65 ஆர்17-க்குப் பதில் 285/70 ஆர்17 போட்டால் கூடுவது 54.5 மி.மீ. நாலரை மில்லிமீட்டரில் வண்டி சட்டத்துக்கு வெளியே நிற்கும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளரின் குறிப்புகளிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நம் சாலைகளில் ஓடுபவை சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுசு வி-கிராஸும், 2022-ல் வந்த ஹைலக்ஸும். 2016-ல் வந்த வி-கிராஸில் 245/70 ஆர்16 இருந்தது, 749 மி.மீ.; பின்னால் உயர் ரகத்தில் 255/60 ஆர்18, 763 மி.மீ. கம்பெனியே கொடுத்த இந்த இரண்டுக்குள் நிற்பது விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் பேச்சில் சங்கடமில்லாத வழி. 265/70 ஆர்16-க்குப் போனால் 28 மி.மீ. கூடும். டகோமாவில் ஒரு படி என்று சொன்னதும் ஏறக்குறைய அதே அளவுதான். எந்திரக் கணக்கு அனுமதிக்கிறது, சட்டக் கணக்கை வண்டிக்காரர்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டெப்னியை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். நான்கு டயரை மாற்றிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விடுவது, பகுதிநேர நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் ஆபத்து. முன்னும் பின்னும் வெவ்வேறு உயரத்தில் இருக்க, நான்கு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஆகவே விலையை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். புது ஸ்டெப்னி பின்தொட்டிக்கு அடியில் இருக்கும் இடத்தில் நுழைகிறதா என்றும் பாருங்கள்.

நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் மட்டும் ஓட்டுபவர் அளவை மாற்றவே தேவையில்லை. நல்ல எஸ்எல் ஆல்-டெரைன் டயரை ஸ்டாக் அளவிலேயே போட்டுக்கொண்டால் வண்டியின் குணம் கெடாது. மண் பாதையும் மலைப் பாதையும் வாரந்தோறும் உண்டு என்றால் 265/75 ஆர்16 அல்லது 265/70 ஆர்17, எஸ்எல் அல்லது எல்டி சி. கூரான கற்பாதையில் பாரத்தோடு நாள்கணக்கில் போகிறவருக்கு மட்டுமே எல்டி ஈ. 285 வேண்டும் என்பவர் டயரோடு வெட்டு வேலைக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்கட்டும். எதை வாங்கினாலும் நான்கையும் உடனே மாட்டவிடாதீர்கள். ஒன்றை மட்டும் முன்சக்கரத்தில் மாட்டச் சொல்லி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு மேட்டில் ஏற்றி அமுங்க வைத்துப் பாருங்கள். உரசும் சத்தம் கேட்டால் அந்த டயரைக் கழற்றிக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.